ஹன்னா அத்தையின் பெட்டிகள்

பழைய அமெரிக்க வீட்டுச் சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது, வண்ணக் காகிதம் ஒட்டிய முட்டை வடிவப் பெட்டிதான். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெண்கள் தொப்பி, ரிப்பன் முதலியவற்றை அதில்தான் வைத்தார்கள். பயணத்துக்கும் அதுவே. பெரும்பாலானவை வெறும் அட்டை, சீக்கிரம் நசுங்கிவிடும்.

நியூ ஹாம்ப்ஷயரின் ஜாஃப்ரி ஊரில் இருந்த, ‘ஹன்னா அத்தை’ என்று அழைக்கப்பட்ட ஹன்னா டேவிஸ் (1784–1863) அப்படிச் செய்யவில்லை. ஸ்புரூஸ் மரத்தை ஈரம் காயுமுன் மெல்லிய தகடாகச் சீவ, காலால் இயக்கும் கருவி ஒன்றைத் தானே உருவாக்கினார். தகட்டை வளைத்து ஆணி அடித்து, பைன் பலகையில் அடிப்பாகம் பொருத்தி, உள்ளே பழைய செய்தித்தாள், வெளியே சுவருக்கு ஒட்டும் பூக்காகிதம். மூடிக்குள் தன் பெயரையும் ஊரையும் அச்சிட்ட சீட்டு. ஆணி அடித்த பெட்டி என்ற உத்தரவாதமும் அதிலேயே உண்டு. கணவர் இல்லை, பெற்றோரும் போய்விட்டார்கள். இந்தக் கைத்தொழிலில்தான் அவர் வாழ்ந்தார். வண்டி நிறையப் பெட்டிகளோடு லோவெல் போன்ற ஆலை நகரங்களுக்குப் போய், பஞ்சாலைப் பெண்களிடம் விற்றார். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய தொப்பிக்குச் சொந்தப் பெட்டி! அந்தப் பெண்களின் பெருமிதம் எனக்குப் புரிகிறது.

வேறு சிலரின் பெட்டிகளில் 1825இல் திறந்த நியூயார்க் மாநிலத்து ஈரி கால்வாய், 1835இல் கிளேட்டன் என்ற வான்பயணி பறந்த பலூன் என்று அன்றைய பரபரப்புச் செய்திகளே சித்திரங்களாக இருக்கும். வெர்மாண்டின் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இத்தகைய பெட்டிகளின் பெரிய சேகரிப்பு உள்ளது. அந்தப் பக்கம் போகிறவர்கள், அனுமதி கிடைத்தால், உள்ளே ஒட்டிய செய்தித்தாளையும் படித்துவிட்டு வாருங்கள்.