துவைக்காத தலையணை

அந்தத் தலையணையைத் துவைத்தது நான்தான். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தாஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு மையத்தில், வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருஷம். இரண்டு வயதுத் தம்பி ஒருவன், கையகலத் தலையணை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் தினமும் வருவான். மலாய்க்காரர்கள் இதற்குப் பந்தால் பூசுக், அதாவது நாற்றத் தலையணை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் அதே பெயர்தான். பாலும் எச்சிலும் வியர்வையும் ஊறி, ஒரு மூலை மட்டும் கறுத்து நூல் பிரிந்து கிடக்கும். அந்த மூலையை மூக்கடியில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தபடியே தூங்கிவிடுவான்.

ஒரு நாள் வாடை தாங்காமல், நல்லது செய்வதாக நினைத்து, சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தேன். மதியம் தூங்கும் நேரத்தில் நீட்டினேன். வாங்கினான். மூலையைத் தடவிப் பிடித்து முகர்ந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். அழவில்லை. கையில் இருந்ததைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தைக்கு அடியில் தன் தலையணையைத் தேட ஆரம்பித்தான்.

அன்று அவன் தூங்கவே இல்லை. அந்தத் தேடலை இத்தனை வருஷத்தில் நான் மறக்கவும் இல்லை.

டொனால்டு வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் இதைப் பற்றி 1953-லேயே எழுதியிருப்பதைப் பிறகுதான் படித்தேன். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைக் கடக்கப் பிள்ளை தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பொருள் அது. அழுக்கானாலும் நாறினாலும் அம்மாக்கள் அதை விட்டுவைக்கிறார்கள், துவைத்தால் பிள்ளைக்கு ஏதோ ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்று தெரிந்தே விட்டுவைக்கிறார்கள் என்கிறார். படித்தபோது நெஞ்சில் குத்தியது.

அதற்கப்புறம்தான் பிள்ளைகளின் 'பிடிவாதத்தை' நின்று பார்க்கப் பழகினேன். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள் உரசினாலே ஒரு பிள்ளை நாளெல்லாம் சிணுங்கும். பருப்பு பட்ட சோற்றை ஒருவன் தொடமாட்டான். சோறு தனி, பருப்பு தனி என்று வைத்தால் இரண்டையும் சாப்பிடுவான். இன்னொருவன் சோபாவில் போய் மோதி மோதி விழுவான், இறுக்கிக் கட்டிப்பிடித்தால்தான் அடங்குவான். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். உடம்பின் சமநிலையை உணர்வது, தசையும் மூட்டும் எங்கே எப்படி இருக்கின்றன என்று உணர்வது, இந்த இரண்டும் புலன்கள்தான். அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் 1970-களில் இவற்றை வைத்துத்தான் பிள்ளைகளின் நடத்தையை விளக்க முயன்றார். மோதி விழுகிறவன் சேட்டை செய்யவில்லை. அவன் உடம்பு அந்த அழுத்தத்தைக் கேட்கிறது.

எங்கள் தாஸ்காவின் பின்கட்டுக்குத் தகரக் கூரை. கோலாலம்பூரில் மழை பெரும்பாலும் பள்ளி விடும் நேரத்துக்கு மேல்தான் பிடிக்கும், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இடியோடு கொட்டும். ஒரு பாப்பா, எங்களுக்குச் சத்தம் கேட்கும் முன்னாலேயே காதைப் பொத்திக்கொள்வாள். அவள் மெத்தையை முன்னறைக்கு மாற்றினோம். வானம் இருட்டினால், "மழை வரப்போகுதும்மா, சத்தம் போடும்" என்று முன்கூட்டியே சொன்னோம். மிக்சிக்கும் அதே அழுகைதான். ஒரு நாள் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவிட்சை அவளையே அழுத்தச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் கையை எடுக்கவில்லை. சத்தம் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று அவள் கையிலேயே இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் கவனிக்க ஆள் வேண்டும். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது இங்குள்ள விதி. ஐவருக்கும் ஒரே நேரத்தில் பம்பர்ஸ் மாற்ற வேண்டியிருக்கும் காலை வேளையில் லேபிள் உரசுவது யார் கண்ணில் படும்? லேபிளை வெட்டக் கத்தரிக்கோலை அலமாரியின் மேல்தட்டில் எனக்கு எட்டும்படி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

பாட்டிமார்கள், "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க டீச்சர்" என்பார்கள். இளம் அம்மாக்கள் நேர் எதிராக, "ஆட்டிசமா இருக்குமா டீச்சர்?" என்று கண் கலங்குவார்கள். 2013-இல் மாற்றிய அமெரிக்க வரையறையில் புலன் கூச்சமும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அது மட்டும் இருந்தால் ஆட்டிசம் ஆகிவிடாது. பெயர் சொன்னால் திரும்புகிறானா, நாயைப் பார்த்தால் உங்களுக்கும் விரல் நீட்டிக் காட்டுகிறானா என்று கேட்பேன். 18 மாதத்தில் அரசாங்க கிளினிக்கில் இதற்கென்றே கேள்வித்தாள் உண்டு, அதை அவசரத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். சந்தேகம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பியின் அம்மாவிடம் அன்று சாயங்காலமே நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தான் உடுத்திய நைட்டியில் தலையணையைச் சுற்றி ராத்திரி முழுக்க வைத்திருந்து மறுநாள் கொடுத்தனுப்பினார். இரண்டு நாள் அதைத் தொடாமலே படுத்திருந்தான். மூன்றாம் நாள் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். பழைய மூலையை மட்டும் அதன் பிறகு அவன் முகர்ந்து நான் பார்க்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு மதியம், எதிர் மூலையில் நகத்தால் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.