கேட்டுப் பெறும் ஊர்: ஜூலை நாட்குறிப்பு

2025 ஜூலை 1, விடிகாலை

மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது மாலை ஆறு மணி. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் எல்லா அணிகளோடும் பேசத் தொடங்கும் நேரம் அது. டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், வருகிற பையனுக்கு முதல் அணியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடையாது. எந்த அணி பெயர் சொல்லி எடுக்கிறதோ அந்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தனக்குப் பிடித்த ஊரைக் கேட்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த ராத்திரி எனக்கு முக்கியம்.

ஜூலை 2

நேற்று இரவு வந்த செய்தியில் தூக்கம் போனது. மைல்ஸ் டர்னர் இண்டியானாவை விட்டு மில்வாக்கிக்குப் போகிறார். பத்து சீசன் ஒரே அணியில் ஆடியவர். ஜூன் 22 அன்றுதான் இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் அந்த அணிக்காக ஓடிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சம்பளக் கணக்கில் இடம் பண்ணுவதற்காகத் தன் ஆட்டக்காரர் டேமியன் லில்லார்டை மில்வாக்கி விடுவித்துவிட்டது. ஏப்ரலில் குதிகால் தசைநார் அறுந்து படுத்திருப்பவர். அவருக்குத் தர வேண்டிய சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து வருடத்துக்குப் பிரித்துத் தருவார்களாம்.

டர்னரைத் துரோகி என்கிறார்கள். அணி ஒருவரை ஒரே காலையில் அனுப்பிவிட்டால் அதை வியாபாரம் என்று ஏற்றுக்கொள்கிறோம். ஆட்டக்காரர் கிளம்பினால் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 8

2010இல் இதே தேதியில்தான் லெப்ரான் ஜேம்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து மயாமிக்குப் போவதாகச் சொன்னார். கிளீவ்லாந்தில் அவருடைய ஜெர்சியை எரித்தார்கள். ஏழு சீசன் ஆடியும் அங்கே கோப்பை கிடைக்கவில்லை. மயாமியில் ட்வைன் வேடும் கிறிஸ் பாஷும் கூட இருக்க, 2012, 2013 இரண்டிலும் கிடைத்தது. கோப்பைக்காகப் போனதில் தப்பே இல்லை. ஆனால் பக்கத்து ஊரான ஆக்ரனில் பிறந்த பிள்ளை அதை நிகழ்ச்சியாக நடத்திச் சொன்னது அந்த ஊரை நோகடித்தது, அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. 2014இல் திரும்பி வந்து, 2016இல் கிளீவ்லாந்துக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

அதே 2016 ஜூலையில் கெவின் டுரண்ட், தன்னைத் தோற்கடித்த கோல்டன் ஸ்டேட் அணியிலேயே போய்ச் சேர்ந்தார். இரண்டு கோப்பை வென்றார். அதை என்னால் இன்னும் முழுசாக ஏற்க முடியவில்லை.

ஜூலை 12

நியூயார்க் அணியின் ஜேலன் பிரன்சன் தன் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டு இன்றோடு ஒரு வருடம். நான்கு வருடத்துக்கு 15.65 கோடி டாலர். இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 26.9 கோடி வரை வாங்கியிருக்கலாம்.

என்பிஏவில் ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு வரம்புகள் உண்டு, தாண்டினால் வரி கட்ட வேண்டும், கைகளும் கட்டப்படும். முன்னணி ஆட்டக்காரர் குறைத்து வாங்கினால் பக்கத்தில் இன்னொரு நல்ல ஆளை வைத்துக்கொள்ளலாம். அப்புறம், அங்கே பிரன்சனின் அப்பா ரிக் உதவிப் பயிற்சியாளர். வில்லனோவா கல்லூரியில் கூட ஆடிய ஜாஷ் ஹார்ட்டும் மிக்கல் பிரிட்ஜஸும் அதே அணியில். பிற்பாடு இதைவிடப் பெரிய ஒப்பந்தம் அவருக்குக் கிடைக்கலாம் என்பது சரி. நடுவில் முழங்கால் போனால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தார், அதுதான் பெரிது.

ஜூலை 18

லில்லார்ட் போர்ட்லாந்துக்கே திரும்புகிறார்! படித்ததும் கண் கலங்கிவிட்டது.

பதினொரு சீசன் ஆடிய ஊர். அவருடைய பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். வயது 35 ஆகிவிட்டது, காயம் ஆற வேண்டும், வரும் சீசனில் ஆடுவது சந்தேகம்தான். மில்வாக்கியின் பணம் எப்படியும் வரும் என்பதால் மனதுக்குப் பிடித்ததை நிம்மதியாகக் கேட்க முடிந்திருக்கிறது. மூன்று வருடம், 4.2 கோடி டாலர்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறதாம். அவர் சம்மதிக்காமல் வேறு அணிக்கு மாற்ற முடியாது. 2023இல் அவர் கேட்டது மயாமி, அனுப்பி வைத்தது மில்வாக்கிக்கு. இனி அப்படி நடக்காது.