ரிடையர் ஆகறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஹெச்எஸ்ஏல பணம் போடறத நிறுத்துங்க

நியூஜெர்சில வேலை பாத்துட்டு 67 வயசுல, 2025 அக்டோபர் கடைசில ரிடையர் ஆனேன். ஹெச்எஸ்ஏவையும் (வைத்திய செலவுக்கு ஃபெடரல் டாக்ஸ் சலுகையோட சேத்து வைக்கற ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட்) மெடிகேரையும் (65 ஆனவங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தர்ற இன்சூரன்ஸ்) ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம எப்படி சமாளிச்சேன்னு பொங்கல் விழாவுல ஆளாளுக்கு கேட்டாங்க, தனித்தனியா போன்ல சொல்றதுக்கு பதிலா ஒரே தடவையா எழுதிடறேன்.

கம்பெனில இருந்தது ஹை டிடக்டபிள் பிளான் (முதல்ல ஒரு பெரிய தொகை வரைக்கும் நம்ம கைக்காசு, அப்புறம்தான் இன்சூரன்ஸ்), கூடவே ஹெச்எஸ்ஏ. 20 பேருக்கு மேல வேலை செய்யற கம்பெனிங்கறதால 65 ஆனப்போ மெடிகேர்ல சேராம தள்ளிப்போட்டேன், அதுக்கு பெனால்டி கிடையாது. (சின்ன கம்பெனில இருக்கறவங்க இத பாத்து தள்ளிப்போட்டுடாதீங்க, அங்க மெடிகேர்தான் முதல்ல பில் கட்டணும்.) தள்ளிப்போட்டதுக்கு காரணமே ஹெச்எஸ்ஏதான். மெடிகேர்ல எந்த பார்ட்ல சேர்ந்தாலும், ஆஸ்பத்திரி செலவுக்கான, பிரீமியமே இல்லாத பார்ட் ஏவா இருந்தாலும் சரி, அந்த மாசத்துல இருந்து ஹெச்எஸ்ஏக்குள்ள ஒரு டாலர் போடக்கூடாது. 65க்கு மேல சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் வாங்கினாலும் பார்ட் ஏ தானா வந்து ஒட்டிக்கும், அதனால அதையும் தொடல.

இதுவரைக்கும் பல பேருக்கு தெரியும். மாட்டிக்கற இடம் அடுத்தது. 65 தாண்டி அப்ளை பண்ணா பார்ட் ஏவ ஆறு மாசம் பின்னாடி போய் ஆரம்பிச்சுடுவாங்க, 65 ஆன மாசத்துக்கு முன்னாடி மட்டும் போகாது. நாம கேக்கவும் வேண்டாம், வேண்டாம்னு சொன்னாலும் விடமாட்டாங்க. அக்டோபர்ல அப்ளை பண்ணா ஏப்ரல்ல இருந்தே மெடிகேர்ல இருந்ததா கணக்கு, அப்போ ஏப்ரல்ல இருந்து உள்ள போன பணம் லிமிட்ட தாண்டிடும், அத வெளிய எடுக்காம விட்டா வருஷா வருஷம் 6 சதவீதம் எக்ஸைஸ் டாக்ஸ். எங்க எச்ஆர்ல "கடைசி பேசெக் வரைக்கும் போடுங்க, ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு அடிச்சு சொன்னாங்க. பாவம், அவங்களுக்கு கம்பெனி பிளான் தெரியும், மெடிகேர் தெரிய அவசியம் இல்ல. நான் மார்ச் கடைசி பேசெக்கோட நிறுத்திட்டேன்.

கணக்கு மாச வாரியா. 2025ல ஃபேமிலி லிமிட் 8,550 டாலர், 55 தாண்டினவங்களுக்கு கூட 1,000, ஆக 9,550. எனக்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மட்டும்தான் தகுதி, பன்னெண்டுல மூணு பங்குன்னா 2,387.50. கம்பெனி போடற பணமும் இதுக்குள்ளதான், எங்க கம்பெனி ஜனவரிலயே மொத்தமா போட்டுடும், அத கழிச்சுட்டு மிச்சத்த நான் போட்டேன்.

இதுல ஒரு நல்ல விஷயம் என் வைஃப்புக்கு 62தான். அவங்களும் என் பிளான்லதான் இருந்தாங்க, மெடிகேர் இல்ல, அதனால அவங்க பேர்ல தனியா ஒரு ஹெச்எஸ்ஏ திறந்தோம். பிளான் ஃபேமிலி பிளானாவே இருந்ததால ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஃபேமிலி லிமிட்ல ஏழு மாச பங்கு, 4,987.50, அவங்க அக்கவுண்ட்ல போட முடிஞ்சது, அவங்க வயசுக்கான எக்ஸ்ட்ரா தனி. என் பேசெக்ல இருந்து போகாது, பேங்க்ல இருந்து நேரா போட்டுட்டு ஃபெடரல் டாக்ஸ்ல 8889 ஃபார்ம்ல கழிச்சுக்கணும். நியூஜெர்சி ஸ்டேட் டாக்ஸ்ல ஹெச்எஸ்ஏக்கு சலுகையே கிடையாது, அது வேற எரிச்சல்.

அப்ளிகேஷன் ஆன்லைன்ல சுலபமாத்தான் இருந்தது. இழுத்தடிச்சது எல்564 ஃபார்ம், 65ல இருந்து கம்பெனி இன்சூரன்ஸ்ல இருந்தோம்னு கம்பெனி கையெழுத்து போட்டு தரணும், இது இல்லன்னா பார்ட் பிக்கு (டாக்டர் செலவுக்கான மெடிகேர்) லேட் பெனால்டி போட்டுடுவாங்க. எச்ஆர்ல ஒருத்தர் லீவு, இன்னொருத்தர் அது என் வேலை இல்லன்னு சொல்ல, மெயில் மேல மெயில் போட்டுத்தான் வாங்கினேன், செப்டம்பர்லயே கேட்டு வச்சது நல்லதா போச்சு. கூடவே கம்பெனி பிளானோட மருந்து கவரேஜ் கிரெடிட்டபிள்னு (மெடிகேர் மருந்து கவரேஜுக்கு குறைஞ்சது இல்லன்னு) சொல்ற லெட்டரையும் வாங்கிடுங்க, மருந்துக்கான பார்ட் டிக்கு அது வேணும். வேலைய விட்டதுக்கு அப்புறம் கோப்ரால (நாமே பிரீமியம் கட்டி கம்பெனி இன்சூரன்ஸ கொஞ்ச நாள் தொடர்றது) இருக்கேனேன்னு பார்ட் பிய தள்ளிப்போடாதீங்க, கோப்ரா கணக்குல வராது, பெனால்டி இல்லாம பார்ட் பில சேர்றதுக்கான எட்டு மாச கெடு ஓடிட்டே இருக்கும்.

இப்போ போடத்தான் தடை, எடுக்க தடையே இல்ல. பார்ட் பி பிரீமியம் 2026ல 202.90 டாலர், பென்ஷன்லயே பிடிச்சுக்கறாங்க, அதே தொகைய ஹெச்எஸ்ஏல இருந்து டாக்ஸ் இல்லாம எடுத்துக்கறேன். பார்ட் டிக்கும் அப்படித்தான். மெடிகேப் (மெடிகேர் கட்டாத மிச்சத்துக்கு எடுக்கற தனியார் இன்சூரன்ஸ்) பிரீமியத்துக்கு மட்டும் கூடாது, ஏன்னு புரியல, சட்டம் அப்படி. மெடிகேர் சாதாரண பல் வைத்தியத்துக்கு, கண்ணாடிக்கு, காது மெஷினுக்கு கொடுக்காது, ஹெச்எஸ்ஏ கொடுக்கும். முக்கியமா நம்ம ஆளுங்களுக்கு: ஊர்ல வைத்தியம் பாத்தா மெடிகேர் பைசா தராது, ஆனா சென்னைல பல் இம்ப்ளான்ட் வச்சா அந்த பில்லுக்கு ஹெச்எஸ்ஏல இருந்து எடுக்கலாம், ரசீது மட்டும் பத்திரம். பெட்டில வச்சு கொண்டுவர்ற மாத்திரைக்கு எடுக்க முடியாது.

வைஃப்ப ரெண்டு மாசம் கோப்ரால வச்சிருந்து (அந்த பிரீமியத்த ஹெச்எஸ்ஏல கட்டலாம்) ஜனவரில மார்க்கெட்பிளேஸ்ல (தனியா இன்சூரன்ஸ் வாங்கறவங்களுக்கான அரசாங்க தளம்) பிரீமியம் கம்மியான ப்ரான்ஸ் பிளானுக்கு மாத்தியாச்சு (இத கட்ட முடியாது). 2026ல இருந்து அங்க இருக்கற ப்ரான்ஸ் பிளான் எல்லாத்துக்கும் ஹெச்எஸ்ஏ உண்டுங்கறதால அவங்க அக்கவுண்ட்ல தொடர்ந்து போடறோம். 2028ல அவங்களுக்கு 65. நேரத்துக்கு பதிவு பண்ணிடுவாங்க, அதனால இந்த ஆறு மாச தொல்லை அவங்களுக்கு இல்ல, பிறந்த மாசத்துக்கு முந்தின மாசத்தோட நிறுத்தினா போதும். பிறந்தநாள் ஒண்ணாம் தேதியா இருக்கறவங்களுக்கு மட்டும் மெடிகேர் ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடும், அவங்க இன்னும் ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திடுங்க.