எலும்புக்குப் புதுத் துணி

அக்டோபர் 25, 2024, மெரிடா, மெக்சிகோ

வீட்டுக்காரம்மாள் மூன்று நாள்களாக ஒரு வெள்ளைத் துணியில் பூ தைத்துக்கொண்டிருக்கிறார். மேசை விரிப்பாக்கும் என்று நினைத்துப் பாராட்டி வைத்தேன். "அம்மாவுக்கு" என்றார். அந்த அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. நாளை சொந்த ஊருக்குப் போகிறாராம். நானும் வரலாம், வாளி தூக்குவதாக இருந்தால்.

அலுவலக நண்பர் மெக்சிகோ நகரத்தில் நடக்கும் 'இறந்தோர் நாள்' ஊர்வலத்துக்குக் கூப்பிட்டிருந்தார். 2015-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் அங்கே இல்லாத ஊர்வலம் ஒன்றைக் காட்டியது. மறு வருடம் நகரமே அதை நடத்த ஆரம்பித்துவிட்டது. வாளியே மேல்.

அக்டோபர் 26, போமுச்

காம்பேச்சே மாநிலத்தில் உள்ள, மாயா பழங்குடி மக்களின் ஊர். ரொட்டிக்குப் பேர்போனது. கல்லறைத் தோட்டம் முழுக்கப் பொம்மை வீடு போல வண்ண மாடங்கள், ஒவ்வொன்றிலும் திறந்த மரப்பெட்டி. இறந்தவரைப் புதைத்துக் குறைந்தது மூன்று ஆண்டுகள் கழிந்ததும் எலும்புகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். பிறகு ஆண்டுதோறும் நவம்பர் 2-க்குள் தூசி தட்டித் துணி மாற்ற வேண்டும்.

நான் தூக்கிய தண்ணீர் மாடத்தைக் கழுவ மட்டும்தான். எலும்புக்குச் சின்னத் தூரிகையே போதும். வீட்டுக்காரம்மாள் தொடையெலும்பைத் துடைத்தபடி, கூரை ஒழுகல் சரியாகிவிட்டதையும் மருமகளின் வாயையும் பற்றித் தாயாரிடம் விவரமாகச் சொன்னார். மண்டையோட்டின் பின்புறம் ஒரு கொத்து நரைமுடி இன்னும் ஒட்டியிருந்தது. அதை விரலாலேயே கோதிவிட்டார்.

என்னிடம் சின்ன எலும்புகளைத் தந்தார். சாக்பீஸ் கனம்கூட இல்லை. துடைத்து ஒருபுறம் சேர்த்தேன். "அது கால்விரல். கையோடு ஏன் போடுகிறாய்?" என்று அதட்டு விழுந்தது. அதுவரை இருந்த பயம் அந்த அதட்டில் போய்விட்டது. புதுத் துணி விரித்து, எல்லாவற்றுக்கும் மேலே மண்டையோட்டை வைத்தார். மூடியைத் தேடினேன். "மூடினால் மூச்சு முட்டாதா?" என்றார்.

அக்டோபர் 31

இங்கே இந்த நாள்களுக்கு 'ஹனால் பிஷான்' என்று பெயர், ஆன்மாக்களின் சாப்பாடு. இன்று குழந்தைகளாக இறந்தவர்களின் முறை: மிட்டாய், பொம்மை. ஆவிகள் கூட்டிப்போய்விடாமல் இருக்கப் பக்கத்து வீட்டுப் பொடியனின் மணிக்கட்டில் சிவப்பு நூல்.

படையலுக்கு வாங்கிய பூவைப் பார்த்ததும் நம்மூர்ச் செண்டுமல்லி என்று துள்ளினேன். மெக்சிகோவிலிருந்துதான் அது நம்மூருக்கே வந்திருக்கிறது.

நவம்பர் 1

பெரியவர்களின் நாள். மக்காச்சோள மாவுக்குள் கோழியை வைத்து, வாழையிலையில் பொதிந்து, சூடான கற்களோடு குழியில் புதைத்து வேகவைக்கிறார்கள். முதலில் படையல், பிறகுதான் நமக்கு. வாசனையை இறந்தவர்கள் எடுத்துக்கொள்வதால் மிச்சத்தில் ருசி இராது என்றார்கள். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன்.

நவம்பர் 2

திரும்பும் பஸ். வீட்டுக்காரம்மாளின் அப்பாவைப் புதைத்தது 2022-இல். அடுத்த வருடம் அவரையும் பெட்டிக்கு மாற்றலாமாம். துணிக்கு எந்த நிற நூல் வாங்கலாம் என்று கேட்டார். நீலம் என்றேன்.

"அவருக்கு நீலம் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.