மூக்கு கீழே என்றால் டேப் மேலே

சொந்தமாகக் கட்டும் விமானத்தில் டிரிம் (கையை எடுத்தாலும் மூக்கு மேலோ கீழோ போகாமல் வைக்கும் அமைப்பு) வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவது வழக்கம். எஞ்சினுக்குக் கிடைக்கிற மரியாதை, மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் பின்விளிம்பில் தொங்கும் ‘டேப்’ என்ற நாலங்குலத் தகட்டுக்குக் கிடைப்பதில்லை. அந்த டேப் தளர்ந்து பறக்கும்போது படபடக்கத் தொடங்கினால் எலிவேட்டரையே பிய்த்துவிடும். சில நொடி போதும்.

ஆகவே முதலில் டேப்பின் ஆட்டத்தை, அதாவது தளர்வால் வரும் அசைவைப் பார்க்க வேண்டும். எலிவேட்டரை அசையாமல் கட்டிவிட்டு, டேப்பின் பின்விளிம்பை விரலால் மேலும் கீழும் மெல்லத் தள்ளி அளவுகோலை வையுங்கள். கீலிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள அகலத்தில் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி, 100 மி.மீ. டேப்புக்கு 2.5 மி.மீ. உங்கள் விமானத்தின் வரைபடம் இன்னும் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. கீல் கம்பி, கிளெவிஸ் (கவட்டை இணைப்பு) பின், ஹார்ன் (டேப்பைத் திருப்பும் சிறு நெம்புகோல்) துளை ஆகிய மூன்றிலும் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரை டேப்பை அசைக்கச் சொன்னால், தேய்ந்த இடம் கையில் தட்டும். துளை நீள்வட்டமாகிவிட்டால் பின்னை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை.

கையால் சுற்றும் டிரிம் சக்கரமும் இரட்டைக் கேபிளும் உள்ள அமைப்பில் வேலூர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூடேறினால் விமானத்தின் அலுமினிய உடல் எஃகுக் கேபிளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். மார்கழிக் காலையில் 18 டிகிரியில் இழுத்துக் கட்டிய 4 மீட்டர் கேபிள், சித்திரை மதியம் தகரக் கொட்டகையில் 42 டிகிரியாகும்போது சுமார் 1 மி.மீ. கூடுதலாக இழுபடும். சக்கரம் கனக்கும், புல்லி தேயும். மர உடல் என்றால் நேர்மாறு, கேபிள் தொய்யும். அதனால் இழுவிசையை எழுதும்போது பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். கேபிளை இறுக்கித் தளர்த்தும் டர்ன்பக்கிளுக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக் கூடாது. அளவு சரியானதும் அது தானாகக் கழலாமல் தடுக்கும் லாக் ஒயர் போடாமல் அன்றைய வேலையை முடிக்காதீர்கள்.

உறைக்குள் ஓடும் தள்ளு-இழு கேபிளில் சிக்கல் வேறு. அதிர்வில் டிரிம் குமிழ் தானாக நகர்ந்தால் உராய்வு நட்டைக் கால் சுற்று இறுக்கலாம். இறுக்கியும் நகர்ந்தால் நட்டோடு மல்லுக்கட்டாமல் உறையைக் கழற்றிப் பாருங்கள். பாலாற்று மணல் தூசி கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசைதான். கேபிள் உரசும் இடத்தில் ராணிப்பேட்டைத் தோல் துண்டைச் சுற்றும் ஆசையும் வேண்டாம். பதனிட்ட தோலில் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து எஃகைத் துருவேற்றும்.

நடுநிலையைக் கிளெவிஸில் சரிசெய்யும்போது எண்ணிச் சுற்றுங்கள். அங்குலத்துக்கு 32 சுற்றுள்ள 10-32 மரையில் ஒரு முழுச் சுற்று 0.8 மி.மீ.; ஹார்ன் நீளம் 25 மி.மீ. என்றால் டேப் கிட்டத்தட்ட 1.8 டிகிரி திரும்பும். பிறகு மரை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று காட்டும் சாட்சித் துளையில் மெல்லிய கம்பியைக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் மரை போதவில்லை. பறக்கும்போது எப்போதும் ஒரே பக்கம் பாதி டிரிம் தேவைப்பட்டால், கிளெவிஸில் கைவைக்கும் முன் எடைச் சமநிலையை மறுபடி கணக்கிடுங்கள்.

கடைசியாகத் திசை. இருக்கையில் ஒருவர் ‘மூக்கு கீழே’ என்று சொல்லித் திருப்ப, வாலருகே நிற்பவர் ‘டேப் மேலே’ என்று பதில் சொல்ல வேண்டும். டேப் மேலே போனால்தான் காற்று எலிவேட்டரைக் கீழே தள்ளும். கேபிளைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். குமிழருகே ஒட்டும் அம்புக்குறியை அந்தப் பதில் வந்த பிறகு ஒட்டினால் போதும்.