போர்டிங் பாஸில் நான்கு எஸ்

பிப்ரவரி 9

ஆன்லைன் செக்-இன் மறுபடியும் கைவிரித்துவிட்டது. பாஸ்போர்ட், விசா விவரம் எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் "கவுண்டரை அணுகவும்" என்கிறது. அமெரிக்கா போகும் விமானம் என்றால்தான் இப்படி, வேறு எங்கு போனாலும் ஒரு தொந்தரவும் இல்லை. லேப்டாப், போன் எல்லாவற்றையும் முழுக்க சார்ஜ் போட்டாயிற்று. ஆன் செய்து காட்டச் சொல்வார்கள்.

பிப்ரவரி 10

கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வந்து சிரித்தபடி போர்டிங் பாஸை நீட்டினார். ஓரத்தில் எஸ்எஸ்எஸ்எஸ். கூடுதல் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதற்கான முத்திரை அது. ஏன் என்று கேட்டால் "ரேண்டம் சார்". ரேண்டம் என்றால் எப்போதாவது விட்டுப்போகவும் வேண்டுமே!

வழக்கமான பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு கேட்டில் இன்னொன்று. என் பெயரை மைக்கில் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தி, ஷூவைக் கழற்றச் சொல்லி, உடம்பைத் தடவிப் பார்த்து, பையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் மேசையில் பரப்பி வைக்க, வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் என் உள்ளாடை முதல் மாத்திரை அட்டை வரை பார்த்துக்கொண்டே விமானம் ஏறினார்கள். தனி அறை கேட்கலாம், கேட்டால் மறுப்பதில்லை. ஆனால் கதவை மூடிக்கொண்டால் பை வெளியே யார் கையில் இருக்கும் என்ற கவலையில் நான் கேட்கவில்லை.

அப்புறம் அந்தத் துணிப்பட்டை. கையிலும் லேப்டாப்பிலும் தேய்த்து இயந்திரத்துக்குள் விடுவார்கள், வெடிமருந்துத் துகள் இருந்தால் அலறும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற நைட்ரோகிளிசரின் மாத்திரையும் வெடிமருந்தில் இருப்பதும் ஒரே வேதிப்பொருள்தான், அதனால் அந்த மாத்திரையைத் தொட்ட கைக்கும் அது அலறலாம். எனக்கு அலறவில்லை. நடத்தியவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். செக்யூர் ஃப்ளைட் என்ற திட்டத்தின்படி ஏர்லைன்கள் ஒவ்வொரு பயணியின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் முன்கூட்டியே அமெரிக்க அரசுக்கு அனுப்புகின்றன. அங்கே பயங்கரவாதத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர்களின் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். பட்டியலில் உள்ள யாரோ ஒருவரின் பெயர் நம் பெயர் மாதிரி இருந்தாலே போதும், மாட்டிக்கொள்வோம். இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு, 2004இல், செனட்டர் எட்வர்டு கென்னடியையே பெயர்க்குழப்பத்தால் பலமுறை நிறுத்தியிருக்கிறார்கள். நம் அப்துல் கலாம் கதை வேறு: 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் அவர் விமானத்தில் உட்கார்ந்த பிறகும் கோட், ஷூ இரண்டையும் வாங்கிப்போய்ச் சோதித்தார்கள், பிறகு அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. எனக்கு யார் வருத்தம் தெரிவிக்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 16

இப்படி மாட்டிக்கொள்கிறவர்களுக்காக அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2007இல் தொடங்கிய டிஎச்எஸ் ட்ரிப் என்ற ஒரு முறையீட்டு வழி இருக்கிறது. ஆன்லைனில் நடந்ததை எழுதி, பாஸ்போர்ட் நகலைச் சேர்த்து அனுப்பியாயிற்று. கட்டணம் இல்லை. ரெட்ரெஸ் எண் ஒன்று கொடுத்தார்கள், பட்டியலில் உள்ளவர் வேறு, நாம் வேறு என்று பிரித்துக் காட்ட உதவும் எண். முறையீடு முடிந்த பிறகுதான் டிக்கெட்டில் போட வேண்டுமாம்.

மே 6

பதில் வந்துவிட்டது. அவசர அவசரமாகத் திறந்தேன். பட்டியலில் நான் இருந்தேனா இல்லையா என்பதை உறுதிசெய்யவும் முடியாது மறுக்கவும் முடியாது என்கிறார்கள். தடவிச் சோதித்தபோது வராத கோபம் இதைப் படித்தபோது வந்தது. சோதனை அரை மணியில் முடிந்துவிடும். எதற்காக என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் கவுண்டர் முன்னால் வயிறு கலங்க நிற்பதற்குத்தான் முடிவே இல்லை. சரி, எண்ணையாவது பயன்படுத்துவோம்.

மே 19

புது டிக்கெட், ரெட்ரெஸ் எண்ணோடு. ஆன்லைன் செக்-இன் ஒரே தட்டலில் முடிந்து போர்டிங் பாஸ் போனுக்கே வந்தது, ஓரத்தில் எதுவும் இல்லை. ரேண்டம் தேர்வும் உண்மையாகவே உண்டு என்பதால் இனி வரவே வராது என்று நம்பவில்லை. திரும்பி வரும் டிக்கெட் வேறொரு ஏர்லைனில், அந்தப் பதிவில் எண் ஏறவே இல்லை. போனில் பிடித்தவருக்கு ரெட்ரெஸ் என்றால் என்னவென்றே தெரியவில்லை, நாளைக் காலை வேறு யாரையாவது பிடிக்க வேண்டும்.