70 புளியமுத்து

"பிள்ளைக்கு இதுவரை என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டபோது, அவர் மகன் சுவரோரம் பல்லாங்குழியோடு உட்கார்ந்திருந்தான். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக 19 ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. அடுத்த தெருப் பிள்ளை நர்சரியில் நோட்டு நிறைய எழுதுகிறதாம்.

எனக்கும் அந்த ஆசை இருந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாலு வயதுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்திருக்கிறேன். கை வலிக்கிறது என்று அழுத ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்றுகூட நினைத்தேன். மணிக்கட்டின் 8 எலும்புகளில் பல அந்த வயதில் கெட்டிப்பட்டிருக்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பையன் வந்த புதிதில் இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். "நாலு முத்து கொடு" என்றால் கை கொண்டமட்டும் அள்ளித் தருவான். எண்ணின் பெயர் தெரியும், எண் தெரியாது.

பலகை ஒரு ஆச்சி தந்தது. அவர்கள் வளவு வீட்டில் பல காலம் பூட்டிக் கிடந்ததாம். 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியமுத்து. குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இவனோ முதலில் ஒரு குழியில் மூன்றைக் கொட்டுவான், அடுத்ததைத் தாண்டிப் போவான். எதிரே இருந்த சிறுமி விடவில்லை: "கள்ளாட்டம்!" நான் வாயே திறக்கவில்லை. இரண்டு வாரத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு, இரு விரலால் ஒவ்வொரு முத்தாகப் போடத் தொடங்கினான். பென்சில் பிடிக்க வேண்டியதும் அதே விரல்கள்தாம். குழியில் நாலு சேர்ந்தால் 'பசு', எடுத்துக்கொள்ளலாம். இப்போது எண்ணுவதுகூட இல்லை, பார்த்த மாத்திரத்தில் "பசு!" என்று கத்துகிறான். தன் முறை வரும்வரை காத்திருக்கவும் செய்கிறான். அவன் அதற்குமுன் எதற்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

(ஆட்டம் முடிந்ததும் 70-ஐயும் எண்ணிப் பைக்குள் போடுவது என் பொறுப்பு. ஒன்று குறைந்தால் முதலில் இரண்டு வயதுக்காரர்களின் வாயையும் மூக்கையும்தான் பார்ப்பேன்.)

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி டீச்சர், எழுதுவது எப்போது?" என்றார். அதற்குள் பையன் என்னை ஆட்டத்துக்கு இழுத்துவிட்டான். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே முத்துகளைப் போட்டதில் ஒரு குழியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. சின்னக் கை ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது.

"டீச்சர், கள்ளாட்டம்!"